சேகரனின் ஞாயிற்றுக்கிழமைகள்

சேகரன் முதல் நாள் பயிற்சிக்கு வந்தபோது தண்ணீரில் இறங்கவே இல்லை. நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மற்றவர்களுக்குப் பயிற்சி முடித்து நான் திரும்பியபோதும் தூக்கம்தான். எழுப்ப மனம் வரவில்லை.

அப்போது நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் நெடுந்தூர டிரையத்லான் போட்டிகளுக்கு ஆட்களைத் தயார்செய்துகொண்டிருந்தேன். இப்போது ஓய்வு. எங்காவது குளோரின் வாசம் அடித்தால் அந்தக் காலை நேரங்கள் நினைவுக்கு வந்துவிடும். புதிதாகப் பயிற்சியாளர் ஆகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்களின் பயிற்சிக்கு எப்படி நேரம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சேகரனின் வீடு.

அவர் குடியிருந்தது கெலாங் பாத்தாவில். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போவார். கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போயிருந்தது. நாற்பது வயதில் தனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது பயந்துபோய் ஓட ஆரம்பித்தவர், பிறகு சைக்கிள், நீச்சல் என்று டிரையத்லானுக்கு வந்து சேர்ந்தார். அவர் பேர் கொடுத்திருந்தது பாதித் தூரப் போட்டிக்கு. கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். முந்தைய முறை சைக்கிளிலேயே கட்-ஆஃப் நேரம் தாண்டிவிட்டது என்று இறக்கிவிட்டார்கள். அந்த அவமானத்தில் பயிற்சியை இரண்டு மடங்காக்கி, தூக்கத்தைப் பாதியாக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் மனைவி லெட்சுமி குளத்துக்கு வந்தார். அவருக்குச் செனாயில் தொழிற்சாலை வேலை.

"போட்டிக்குப் போக வேணாம்னு நான் சொல்லல கோச். பாலத்துல மோட்டார் ஓட்டிக்கிட்டே தூங்கிடுவாரோன்னு தினமும் போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமையாவது பிள்ளைங்களுக்கு அப்பா வேணும்."

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினோம். பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். நீச்சலில் தூரம் வேண்டாம், கை வீச்சைத் திருத்தினால் போதும் என்றேன். வாரத்தில் சில நாள் சைக்கிளை வாசலில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் பூட்டி, கொஞ்ச நேரம் கடுமையாக மிதிக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்திலேயே பாடம் படிக்கலாம். மற்ற நாள் தூக்கம். நீளமான பயிற்சிக்கு இடம் சொன்னது லெட்சுமி. அவருடைய அண்ணன் வீடு சிம்பாங் ரெங்கத்தில் இருந்தது. ஞாயிறு காலை எல்லோரும் காரில் அங்கே போய்விடலாம், சேகரன் எஸ்டேட் ரோட்டில் சைக்கிள் ஓட்டட்டும், மதியம் குடும்பத்தோடு சாப்பாடு என்றார்.

சேகரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்வளவு கம்மியா செஞ்சா போதுமா கோச்? குரூப்ல சிரிப்பாங்க லா."

"லேசான நாள்ல நிஜமாவே லேசா போங்க. கஷ்டமான நாள்ல நல்லா கஷ்டப்படுங்க. தினமும் அரைகுறையா மூச்சு வாங்குறதுதான் உங்கள அடிச்சுப் போடுது," என்றேன்.

நானும் கூடப் போன அந்த ஞாயிறுகளை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். செம்பனை மரங்களுக்கு நடுவே பனி விலகாத ரோடு. பழக்குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரம் கட்டி நிற்போம். சைக்கிளை விட்டு இறங்கியதும் சேகரன் ஓட வேண்டும். இரண்டையும் அடுக்கிச் செய்யும் அந்தப் பயிற்சிக்கு எங்கள் பாஷையில் பிரிக் என்று பேர். மரத்துப்போன காலோடு அவர் தள்ளாடி ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்குள் லெட்சுமியின் அண்ணி நெத்திலி சம்பல் வதக்கும் வாசம் வெளியே வந்துவிடும்.

போட்டி நெருங்கும்போது அவருக்கு டிங்கி காய்ச்சல் வந்தது. மருத்துவர் அனுமதி கொடுத்ததும், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று துடித்தார். நான் வாய் திறக்குமுன் லெட்சுமி சொன்னார்: "விட்டது விட்டதுதான். இந்த வாரம் என்ன இருக்கோ அத மட்டும் செய்ங்க."

போட்டியில் கடலையும் சைக்கிளையும் நேரத்துக்குள் தாண்டிவிட்டார். ஓட்டத்தில் பாதி வழியில், உச்சி வெயிலில், தொடைத் தசை பிடித்துக்கொள்ள, நடக்க ஆரம்பித்தார். முகம் வெளுத்திருந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்தேன். காய்ச்சலில் கிடந்த உடம்பு, போதும் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. லெட்சுமி தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவரோடு சேர்ந்து நடந்தார்.

"தலை சுத்துதா?"

"இல்ல. கால்தான்."

"அப்ப மெதுவா ஓடுங்க. ஞாயித்துக்கிழமை ஓடுற மாதிரி."

அவர் தலையாட்டினார். பத்தடி நடந்து, பிறகு ஓடினார்.

கடைசி ஆட்களில் ஒருவராக, கட்-ஆஃபுக்குச் சற்று முன்பு கோட்டைத் தாண்டினார். கைதட்ட அதிகம் பேர் இல்லை. பிள்ளைகள் இருவரும் போய்க் கட்டிக்கொண்டார்கள். அவர் மணலில் உட்கார்ந்து அப்பாவை நினைத்து அழுதார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு புதிதாக யார் வந்தாலும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன். அடுத்த முறை அவர்களையும் கூட்டி வாருங்கள் என்பேன். சிலருக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒருவர் மாமியாரோடு வந்து நின்றார். பயிற்சி அட்டவணையை அந்த அம்மாவிடம்தான் கொடுத்தேன்.