வலிக்காத வாய்

போன வாரம் என் பல் கிளினிக்கில் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "வலியே இல்லாத வாயை எதுக்கு டாக்டர் வருஷா வருஷம் காட்டணும்?"

நியாயமான கேள்விதானே? அவருக்கு ரோசம்மாவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். படிப்பு முடித்த கையோடு, ஏற்காட்டில் எஸ்டேட் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கும் குழுவில் சேர்ந்தேன். வலி என்று வருகிறவர்களுக்குப் பல் பிடுங்கும் வேலை அல்ல. வலி இல்லாதவர்களையும் தேடிப்போய், ஒருவர் விடாமல் பார்க்கும் வேலை. நோய் யாரிடம் முளைவிடுகிறது என்று முன்பே தெரிந்தால்தானே தடுக்க முடியும்?

கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். பழம் பறிக்கும் சீசன். ரோசம்மா கூடையோடு நின்றபடியே வாயைத் திறந்தார். புகையிலை அடக்கும் பக்கம், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு. துடைத்தேன்... போகவில்லை.

"சேலத்துக்கு வந்து டெஸ்ட் பண்ணணும். விட்டா புற்றுநோயா மாறலாம்" என்றேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, காரம் தின்னாக்கூட எரியலீங்க. நொம்ப வேலை கெடக்குதுங்க!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

குழு அடுத்த எஸ்டேட்டுக்குக் கிளம்பியது. எனக்கு மனசு கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டுச் சும்மா போவதற்குப் பெயர் பரிசோதனையா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் ரோசம்மாவைப் பிடித்தேன். மழுப்பினார். அடுத்த ஞாயிறும் போய் நின்றேன் — இந்த முறை கைக்கண்ணாடியும் டார்ச்சுமாக. "நீங்களே பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எம்புள்ளைங்க சின்னதுங்க டாக்டரம்மா..."

"அதனாலதான் விடாம வர்றேன்."

மறுநாள் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் என்னோடு பஸ் ஏறினார். சேலத்தில் சதையெடுத்துப் பார்த்தார்கள். புற்றாகவில்லை, ஆனால், அந்த வழியில் கிளம்பியிருந்தது. அந்தத் திட்டை வெட்டி எடுத்தார்கள். புகையிலையை விடுவதற்கு ரோசம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. கை தானாக இடுப்புச் சுருக்குப்பையைத் தேடுமாம். இருந்தும் விட்டார்.

அடுத்த வருஷம் மறுபடி போனோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஆண்கள் மெல்ல நழுவப் பார்த்தார்கள். அதில் முதல் ஆள், ரோசம்மாவின் புருஷன்! ரோசம்மா விடுவாரா? கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் உட்காரவைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல புள்ள..."

"அத டாக்டரம்மா பாத்துட்டுச் சொல்லட்டுங்க. என்னைத் திட்டறதுக்கு மட்டும் இந்த வாய் நல்லாத் தொறக்குதுங்களே?"

திறந்தார் — நன்றாக, அகலமாக!