பத்து மீன் செத்த தண்ணீர்

இன்று காலை குழாயடியில் எங்கள் சந்தே என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தது!

என் கையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் மஞ்சள் தண்ணீர், இன்னொன்றில் பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான்.

இரண்டு மாதமாக எனக்கு அக்வாபோனிக்ஸ் பித்து. டிரம்மில் மீன் வளர்க்க வேண்டும். மீன் கழிவோடு இருக்கும் தண்ணீரை ஒரு குட்டி மோட்டார் மேலே ஜல்லித் தட்டுக்கு ஏற்றும். ஜல்லியில் நட்ட கீரை அந்தக் கழிவைத் தின்று வளரும். சுத்தமான தண்ணீர் மறுபடி டிரம்முக்கே இறங்கும். மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

'வீட்டுத் தோட்டத்திலேயே செய்யலாம்' என்றார்கள் யூடியூபில்.

(தாராவியில் வீட்டுத் தோட்டம்! எங்களுக்கு இருப்பது வாசலை ஒட்டி ஒரு டிரம் நிற்கும் இடம். அதில் பாதி சாக்கடை மூடி. வெயில் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை மட்டும்.)

அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "குழம்புக்கு எப்பம்ல ஆவும்?"

டிரம் நிரம்பத் தண்ணீர் வேண்டுமே. கோலி என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறை வீடுகள் ஐந்துக்கு ஒரே குழாய். காலை ஐந்தரைக்கு வரும், ஏழரைக்கு நின்றுவிடும். வீட்டுக்கு இருபது நிமிடம் சொச்சம், வரிசையாக. எங்கள் முறை நான்காவது. அதிலிருந்து மீனுக்கு ஒரு சொம்புகூடத் தர மாட்டேன் என்றுவிட்டார் அம்மா.

கொடுத்தது செல்வி அக்கா. போன வருடம்தான் எங்கள் சந்துக்கு வாடகைக்கு வந்தார். பக்கத்துப் பட்டறையில் பைகளுக்கு ஜிப் தைக்கிறார். மகள் அபி இரண்டாம் வகுப்பு. முதல் முறை அவர்களுடையது.

"என் முறையில பிடிச்சுக்கோங்க தம்பி. கீரை வந்தா ஒரு கட்டு குடுங்க, போதும்."

ஒரு வாரம் வாளி வாளியாகப் பிடித்து டிரம்மை நிரப்பினேன். குர்லாவில் வாங்கிய பத்துத் திலேப்பியாக் குஞ்சுகளை விட்டேன்.

இரண்டாம் நாள் பத்தும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"அந்தக் காசுக்குக் கருவாடு வாங்கியிருக்கலாம்லா" என்றார் அம்மா.

மீன் வளர்க்கிறவர்கள் குழுவில் புலம்பினேன். தொட்டித் தண்ணீரில் நல்ல கிருமிகள் வளருமுன் மீன் விட்டது என் தவறு என்றார்கள். 'அதை விடு, குழாயில் வருகிற தண்ணீரைச் சோதித்தாயா?' என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் சோதிக்கும் கிட் வாங்கினேன். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையானால் அமோனியா: சாக்கடையில் இருப்பது, மீனுக்கு நஞ்சு.

நேற்று செல்வி அக்கா முறையில் வந்த தண்ணீரில் விட்டேன். கரும்பச்சை!

கிட் கெட்டுவிட்டது என்று நினைத்து, எங்கள் குடத்துத் தண்ணீரில் விட்டேன். மஞ்சள்.

ஒரே குழாய். ஒரே காலை.

பகலெல்லாம் காலியாகக் கிடக்கும் பைப், சாக்கடைக்கு நடுவே போகிறது. ஓட்டை வழியே உள்ளே போனதையெல்லாம் முதலில் வரும் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிறது. 'முதல் தண்ணி நாறும்' என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முதல் முறை எப்போதும் புதிதாக வந்தவர்களுக்கு. எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரியும். அதை யார் குடிக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மாதம் அபிக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. நாங்கள் எல்லோரும் மாதுளம்பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்!

(இந்த கிட் நோயைச் சொல்லாது, சாக்கடை கலந்திருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. தெரியும். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு சிலிண்டர் அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.)

இன்று காலை எல்லோரிடமும் இரண்டு குழாய்களையும் காட்டிச் சொன்னேன். முதல் பதினைந்து நிமிடத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவோம். வீட்டுக்கு மூன்று நிமிடம் குறையும். அவ்வளவுதான்.

குழாயைத் திறந்துவிடும் பால்ராஜ் அண்ணாச்சி சிரித்தார். "மூணு நிமிசம்னா ரெண்டு வாளிடே. உன் மீனுக்காவ நாங்க விடணுமோ?"

"மீனுக்கு இல்ல அண்ணாச்சி, அபிக்கு."

"புதுசா வந்தவிய மொதல்ல பிடிக்கணும். நாங்களும் பிடிச்சவியதான். செத்தா போய்ட்டோம்?"

மூன்றாவது வீட்டு குமார் கத்தினான்: "டைம் வேஸ்ட் மத் கர் யார், பானி சலா ஜாயேகா!" நேரத்தை வீணாக்கினால் தண்ணீர் நின்றுவிடுமாம்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "என்னல, நியாயம் பேசுதியா? நீ கைப்பிள்ளையா இருக்கையில ரெண்டு வருசம் அந்தத் தண்ணியத்தான் நான் பிடிச்சேன். எவன் வந்து எனக்கு மாத்திவிட்டான்?"

"அப்பம் நம்ம முறைய அவங்களுக்குக் குடும்மா."

"நாளைக்கு உனக்குக் காமாலை வந்தா நான்லால ஆஸ்பத்திரிக்கு அலையணும்?"

அம்மா கோபமாகச் சொல்லவில்லை.

இவ்வளவு நேரமும் செல்வி அக்கா தலை நிமிராமல் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விட்ருங்க தம்பி. வீட்டுக்காரர் காதுக்குப் போனா காலி பண்ணச் சொல்லிருவாரு. கடைசி கோலிக்காரவிய அடுத்த மாசம் போறாவளாம்லா? அங்கன புதுசா யாராச்சும் வந்துட்டா எனக்கு முறை மாறிரும். அதுவரைக்கும் சமாளிச்சுக்கிடுதேன்."

கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்.

ஆகவே நண்பர்களே, எங்கள் சந்தில் கடைசி கோலி அடுத்த மாதம் காலியாகிறது. பத்துக்குப் பத்து. தனி கரண்ட் மீட்டர். ஸ்டேஷன் நடக்கிற தூரம்.

தண்ணீர் காலை ஐந்தரைக்கு. முதல் முறை உங்களுக்குத்தான்.

குழந்தையோடு யாராவது வருகிறீர்களா?