முப்பத்தெட்டு வருடச் சாட்டு

மானிப்பாயில் எங்கள் தேவாலயத்தில் சனிக்கிழமை காலைகளில் பத்துப் பேர் கூடி வேதத்தைத் தியானமாக வாசிக்கிறோம். போதகர் முன்வாரமே அறிவித்த ஒரு பகுதியை நான்கு தரம் மெதுவாக வாசிப்பார். இடையிடையே மௌனம். கடைசியில் ஒவ்வொருவரும் தம் மனதைத் தொட்டதைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் அதற்கு மறுமொழி சொல்லக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வேதப் பரீட்சை எழுதிப் பரிசு வாங்கியவர்கள். ஆயத்தமில்லாமல் கடவுளுக்கு முன்னால் போய் உட்கார எங்களால் முடியாது. என் மனதைத் தொடப்போகிற வார்த்தையை வெள்ளிக்கிழமை பின்னேரமே மூன்று வியாக்கியான நூல்களைப் புரட்டித் தெரிவுசெய்துவிடுவேன். மறுநாள் அது தொட்டதும் திடுக்கிட்டவன்போலக் கண் திறக்கவும் பழகியிருந்தேன்.

போன மாதம் வந்தது பெதஸ்தா குளத்தடியில் முப்பத்தெட்டு வருடம் கிடந்த நோயாளியின் கதை. தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம் கிடைக்கும். சுகமாக விருப்பமா என்று இயேசு கேட்டதற்கு, தன்னை இறக்கிவிட ஒருத்தரும் இல்லை என்கிறான் இவன். நான் ‘கலக்கம்’ என்ற வார்த்தையோடு போயிருந்தேன்.

அன்று முதல் தடவையாக அக்காவும் வந்திருந்தார். படுக்கையில் விழுந்து நான்கு வருடமான அம்மாவைப் பார்ப்பவர் அவர்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு மணித்தியாலம் அம்மாவோடு இருக்கவிட்டு வந்திருந்தார். நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். பின்னேரங்களில் போய் அம்மாவுக்கு வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, அக்கா தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன்.

அக்காவின் முறை வந்தது.

“ஒருத்தரும் இல்லை,” என்றார், பஸ் போய்விட்டது என்பதுபோல.

எல்லோரும் கண்ணை மூடியபடியே என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. மறுமொழி சொல்லக்கூடாத இடமாகப் பார்த்தா ஒரு மனிதனை அடிப்பது?

“அக்கா, அது அந்த மனுசன் சொன்ன சாட்டு, வெறும் சாக்குப்போக்கு. சுகமாக விருப்பமோ எண்டு கேட்டதுக்கு அவன் நேராப் பதில் சொல்லேல்லை. வியாக்கியானகாரர் அப்பிடித்தான் எழுதியிருக்கினம்.”

போதகர் இருமினார்.

“முப்பத்தெட்டு வருசம் கிடந்தவன் சொன்னதும் உங்கடை ஆக்களுக்குச் சாட்டே?” என்றார் அக்கா. “அவையள் ஆரையாவது ஒருநாள் தூக்கிக் கிடத்தினவையோ எண்டும் எழுதிக் கிடக்கோ, தம்பி?”

யாரோ சிரித்தார்கள். தியானத்தில்தான்.

வீடு திரும்பும்போது சைக்கிளை உருட்டியபடி சீறினேன். “சனத்துக்கு முன்னாலை என்னை நாறடிக்கத்தான் வந்தனீங்களோ?”

“அம்மாவின்ரை முதுகு புண்ணாப் போச்சுது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டவேணும். என்ரை இடுப்பு விடுகுதில்லை. தனிய ஏலாது எண்டு வீட்டிலை எத்தினை தரம் சொன்னன். நீ சங்கீதத்தை எடுத்தாய்.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் கோபம் இரட்டித்தது.

இப்போது காலையும் பின்னேரமும் போகிறேன். மனந்திரும்பி அல்ல, அக்கா சொன்னது பொய் என்று ஊருக்குக் காட்டத்தான். முதல்நாள் அம்மாவின் தோளைத் தொட்டதுமே அக்கா பாய்ந்தார்.

“உப்பிடி இல்லை. கையை உள்ளுக்கை குடு.”

கொடுத்தேன். புண்ணைக் கண்டேன். எந்த வார்த்தையும் ஆயத்தமாக இல்லை.

“ஆரது, பிள்ளை?” என்று அம்மா அக்காவைக் கேட்டார்.

“தம்பி.”

“வாசிக்கப் போறானோ?”

“இல்லையம்மா. தூக்க வந்தவன்.”

“அவனோ?” என்றார் அம்மா.

இருவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. கையை இழுக்க வழியில்லை. அம்மாவின் பாரம் முழுவதும் அதன்மேல் இருந்தது.