மாமாவின் வண்டிக்கு ஆள் வந்த ஞாயிறு

காளிகாட்டில் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம். எங்கள் வீட்டு நடையில் பாதியை ஒரு மோட்டார் சைக்கிள் அடைத்துக்கொண்டு நிற்கும். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. அத்தையின் கணவர், கிடர்பூரில் கப்பல் பட்டறைக்காரர், அதற்கு வேறொரு வண்டியின் இன்ஜின் ஹெட்டைப் பொருத்தி உருமாற்றி வைத்திருந்தார். பிறகு இன்ஜின் ரூம் வேலை என்று கப்பலேறிப் போனார். வருஷக்கணக்கில் தகவல் இல்லை. அவர் வந்து உதைத்தால் வண்டி கிளம்ப வேண்டும், அத்தைக்கு அவ்வளவுதான்.

ஞாயிறு காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள். வால்வுக்கும் அதை அமுக்கும் இரும்புக் கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். சூட்டில் இரும்பு நீளும். உருமாறிய வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவு ஒத்துவராது. மாமா தன் ஷேவிங் பிளேடைத்தான் அளவாக வைத்திருந்தார். அத்தையும் அதே பிளேடை இடுக்கில் விட்டு இழுப்பாள். லேசாக உரசிக்கொண்டு வந்தால் நட்டை முறுக்குவாள். பிறகு உதைத்தால் வண்டி சீராகப் பேசும்.

“எத்தனை நாளைக்கும்மா அதைத் துடைச்சுக்கிட்டே இருப்பே? வித்துட்டா உனக்கும் மனசு ஆறும்” என்றார் அப்பா.

“உன் இஷ்டம் அண்ணே” என்றாள்.

வண்டியை வாங்க ஆள் வருவதாக அப்பா சொன்ன ஞாயிறன்று அத்தை சீக்கிரமே உட்கார்ந்துவிட்டாள். ஸ்பேனரைத் திருப்பினாள், விரலால் ஆட்டிப் பார்த்தாள், மூடியைப் போட்டாள்.

“அத்தை, பிளேடு வைக்கலையே?” என்றேன்.

“சும்மா இருலே. போய் டீத்தூள் வாங்கிட்டு வா.”

வந்தவர் ஒரு வங்காளி. ஆசைக்குப் பழைய வண்டி வாங்குகிறவர். உதைத்தார். பித்தளைக் குடத்துக்குள் கரண்டியைப் போட்டு உலுக்கியது போல் ஒரே சத்தம். “அண்ணா, இது வண்டியா, பாத்திரக்கடையா?” என்று அப்பாவிடம் வங்காள மொழியில் கேட்டுவிட்டு, அத்தை கொடுத்த டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் பார்த்த வேலை அன்று பார்த்துத் தப்பாகிப்போனதே என்று அத்தைக்காக நான் வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலை அத்தை மூடியைக் கழற்றினாள். இந்தத் தடவை பிளேடு வெளியே வந்தது. உதைத்ததும் வண்டி பழைய குரலில் ஓடியது. பொதுவாக வாய் திறக்காத நான், கரியாஹாட் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, அத்தை சரி பண்ணிட்டா. அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடலாம்.”

அப்பா ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி நின்றார். நடையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை எங்களைப் பார்க்காமல் பிளேடைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ரோடு தோண்டுற சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைலே” என்றார் அப்பா.

அன்று காலை மெட்ரோ ஆட்கள் இன்னும் வேலையை ஆரம்பித்திருக்கவேயில்லை. விற்கிற பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நம்பி, ரொம்ப நாள் நான் அவரிடம் மட்டும் கத்திப் பேசிக்கொண்டிருந்தேன்.