கண்ணாடிக்காரர் படிக்காத ஒரு வரி

எங்கள் தெருவில் பாதிப் பேர் மூக்கில் அவருடைய கைவேலை உட்கார்ந்திருக்கிறது. அவர் மூக்கு மட்டும் காலி. கண்ணாடிக்காரர் என்றே பெயர் எடுத்தவர், கண்ணாடி போடுவதில்லை. நாற்பதைத் தாண்டிய யார் கடைக்குள் நுழைந்தாலும், "இதுல வெட்கப்பட என்ன இருக்கு? வயசானா எல்லாருக்கும் கிட்டத்துப் பார்வை மங்கத்தான் செய்யும்" என்று பாடம் நடத்துவார். ஐம்பதைத் தாண்டிய தான் அந்த 'எல்லாருக்கும்' என்பதில் சேர்த்தி இல்லை என்பது அவர் நம்பிக்கை. சின்ன எழுத்து எதிரே வந்தால் பூதக்கண்ணாடியை எடுப்பார். அது கண்ணாடி இல்லையாம், தொழில் கருவியாம். அது கைக்கு எட்டாத இடத்தில் எழுத்தின் மேல் பழி போடுவார். மருந்து அட்டையைப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரனுக்கு மைக்குப் பஞ்சம் போல" என்பார்.

வீட்டுக்காரம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். எந்த முகத்துக்கு எந்த பிரேம் பொருந்தும் என்பதில் கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். புருஷன் முகத்துக்கு ஒன்றை எடுத்து டிராயரில் எப்போதோ போட்டு வைத்திருந்தார். சொல்லவில்லை. சொல்லிப் பிரயோஜனம் இல்லாததைச் சொல்லி வாயை வீணாக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் மலைக்குக் கிளம்புவதாக இருந்தது. கல்யாணத்துக்கும் இல்லை, துக்கத்துக்கும் இல்லை. யாருக்கும் உடம்புக்கு வராமலே அவர்கள் ஊர் கிளம்பும் முதல் பயணம். வீட்டுக்காரம்மா பெட்டி கட்டி முடித்து, நாலு நாளாக அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை கடைக் கம்ப்யூட்டர் ஒரு வாடிக்கையாளரின் பவரைப் பாதி காட்டிவிட்டு, அப்படியே உறைந்து நின்றது.

வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சானுக்குப் போன் போனது.

"அத்தான், டிஸ்க் செக் ஒண்ணு போட்டுப் பாருங்க. முடிவுல 'பேட் செக்டார்' எவ்வளவுன்னு காட்டும்."

"அப்படின்னா?"

"டிஸ்க்குல கெட்டுப்போன இடம். பல்லுல சொத்தை மாதிரின்னு வச்சுக்குங்க. சைபர்னு வந்தா ஆளு பிழைச்சான். ஏதாவது நம்பர் வந்துச்சுன்னா நம்பாதீங்க, புதுசு வாங்கிடுங்க."

புதுசு வாங்குவதென்றால் மலைக்கு எடுத்து வைத்த பணம் அதில் கரைந்துவிடும். பக்கத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

மதியம் செக் ஓடியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சதவீதம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நூறைத் தொட்டதும் பத்துப் பன்னிரண்டு வரி விழுந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மிஷின் தன் கடமை முடிந்த மாதிரி தானாக அணைந்து, தானாகவே எழுந்தது.

"என்னங்க போட்டிருந்தது?"

"எங்க படிக்க விட்டான்? மின்னல் மாதிரி வந்துட்டுப் போறான்."

"கொஞ்ச நேரம் நின்னுதே."

"நின்னுது. நிதானமா நிக்கல."

மறுநாள் காலை மறுபடி போட்டார். இந்தத் தடவை தயாராக இருந்து, வரிகள் விழுந்ததும் செல்போனில் படம் பிடித்தார். வீட்டுக்காரம்மா வாங்கிப் பார்த்தார். மேலே டியூப் லைட், நடுவில் திரையில் பிரதிபலித்த கண்ணாடிக்காரர்.

"உங்க முகம் நல்லா விழுந்திருக்கு."

"எழுத்து?"

"எழுத்தெல்லாம் உங்க நெத்திக்குப் பின்னாடி இருக்கு."

மூன்றாவது தடவை வீட்டுக்காரம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, அவர் உள்ளறையில் ஒருவருக்குக் கண் சோதிக்கப் போனார். திரும்பி வரும்போது மிஷின் எழுந்து உட்கார்ந்திருந்தது.

"என்ன வந்துச்சு?"

"கண்ணைச் சிமிட்டிட்டேன்."

"அவ்வளவு நேரம் உக்காந்திருந்துட்டு, சரியா அந்த நேரத்துலயா?"

"நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடிதானே, அதைக் கேளுங்க."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் சரிந்தார். "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம். என்ன ஏதுன்னு தெரியாம எப்படிக் கடையை விட்டுட்டுக் கிளம்புறது?"

வீட்டுக்காரம்மா தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"அது எங்கயும் போகல அத்தான்," என்று மச்சான் சிரித்தான். "முடிவை மிஷின் உள்ளேயே எழுதி வச்சிருக்கும். 'ஈவென்ட் வியூவர்'னு இருக்கும், திறங்க. அதுல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள அப்ளிகேஷன். வின்இனிட்னு பேர் போட்டிருக்கும், அதைத் தேடுங்க."

"மூணு தடவை போட்டேனே?"

"மூணும் இருக்கும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஓடி முடியுறப்பவே படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். கண்ணாடிக்கடை வச்சிருக்கீங்க!"

வீட்டுக்காரம்மா சுட்டியைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்தார். இருந்தது. இதுவரை முடிவு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முடிவு நின்றுவிட்டது, ஓட வேண்டியவர் கண்ணாடிக்காரர். நாற்காலியைப் பின்னால் தள்ளினார், சுவர் தடுத்தது. பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்தார். சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரிந்தன.

"நீயே படிச்சுச் சொல்லிடேன்."

"மாட்டேன். ஊருக்குப் போக ஆசைப்படுறவ நான். நான் படிச்சா செல்லாது."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய், கண் சோதனைக்கு மாட்டும் கனத்த இரும்பு பிரேமையும் லென்ஸ் பெட்டியையும் கொண்டுவந்தார். பிரேமைப் புருஷன் காதில் மாட்டினார். லென்ஸைச் செருகி, அவருடைய கடைக் குரலிலேயே கேட்டார்:

"இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"அது என் வசனம்."

"பதில் சொல்லுங்க சார். வெளியில ஆள் காத்திருக்காங்க."

"...ரெண்டாவது."

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு? வயசானா எல்லாருக்கும்—"

"சரி, சரி, புரியுது!"

எழுத்து வந்து நின்றது. கண்ணாடிக்காரர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலச் சத்தமாக, ஆங்கில வரியைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். முதல் செக்கில் சில்லறைத் தப்புகள் இருந்தன, மிஷினே திருத்திவிட்டது. மற்ற இரண்டிலும் கோளாறு எதுவும் இல்லை, மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேட் செக்டார்?

"சைபர்," என்றார். அடுத்ததைத் திறந்தார். "இதுலயும் சைபர்!" மூன்றாவதைத் திறந்தபோது நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "சைபர்டி!" ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு மனிதர் அத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"திருத்தினதோட அந்த உறைஞ்சு நிக்கிறதும் தீர்ந்திருக்கும். அப்புறம் என்ன, பெட்டியைத் தூக்குங்க!" என்று போன் கத்தியது.

சத்தம் அடங்கியதும் கண்ணாடிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மூணாவது தடவை நிஜமாவே கண்ணைச் சிமிட்டினியா?"

"இல்ல. முழுசாப் படிச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? மலைக்குப் போறதுக்காக அளக்கிறாள்னு சொல்லியிருப்பீங்க."

இல்லை என்று பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று உண்மை சொல்லத் தைரியமும் வரவில்லை. டிராயரிலிருந்து வந்த பிரேமை வாங்கிக்கொண்டு, அதற்கு லென்ஸ் வெட்ட உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் அவர் ஓயவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்து விதிகள், தண்ணீர் பாட்டிலின் பிறந்த தேதி, அபாயச் சங்கிலியை வீணாக இழுத்தால் கிடைக்கும் தண்டனை என்று எல்லாவற்றையும் பெட்டிக்கே கேட்கும்படி படித்தார்.

"மிஷின் பிழைச்சுது, என் காது போச்சு," என்றார் வீட்டுக்காரம்மா.

கண்ணாடிக்காரர் திரும்பினார். படிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்று, மனைவியின் கன்னத்தைப் பார்த்தார்.

"இந்த மச்சம்... இது இன்னும் இருக்கா? கொஞ்ச வருஷமாக் காணோமே!"

"அது எங்கயும் போகல. அங்கயேதான் இருந்துச்சு."

ஜன்னலில் மலை தெரிய ஆரம்பித்தது. அவர் இன்னும் மலையைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"இதுல எவ்வளவு சர்க்கரை போட்டிருக்கான் தெரியுமா?"