தண்ணீர் வாசலுக்கு வர எண்பத்தேழு பக்கம்

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதலில் மண்டபம் பிடிப்போம். பிறகு வெளியீட்டுக்குத் தலைமை தாங்கும் டத்தோ பட்டக்காரரிடம் தேதி வாங்குவோம், அழைப்பிதழ் அடிப்போம், பேனர் கட்டுவோம். அதற்கப்புறம்தான் நாவலைப் படிப்போம்.

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்னத் தமிழ்ப் பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் எடிட்டராக வேலை பார்த்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் போல முட்டாள்தனம் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் மணிமாறனும் செல்வியும் எழுதச் சொல்லிவிட்டார்கள்.

1. பதினெட்டு நாள்

வெளியீட்டுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மணிமாறனின் முதல் நாவல் என் மேசைக்கு வந்தது. அவர் சிங்கப்பூரில் டெக்னீஷியன். தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டிப் போய் வருகிறவர்.

கோத்தா திங்கியில் ஆற்றோரத் தாமான் குடியிருப்பு ஒன்றில் வெள்ளம் புகுந்த ஒரு மதியம்தான் கதை. கைக்குழந்தையோடு ஒரு பெண் வீட்டில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மனைவி செல்விக்கு நடந்தது அது என்று பதிப்பக முதலாளி, எங்கள் பாஸ், சொன்னார். நல்ல கதைதான். ஆனால் தண்ணீர் வாசலுக்கு வரவே எண்பத்தேழு பக்கம் ஆனது. அதுவரை அந்தப் பெண் ஜன்னலில் நின்று கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத் திரும்பினாள். மிக மெதுவாக மூச்சு விட்டாள். ஏக்கமாகப் பார்த்தாள், கலக்கமாகப் பார்த்தாள், மறுபடியும் மெதுவாகத் திரும்பினாள். ஒரே பக்கத்தில் பதினொரு 'மெதுவாக'. கோபம் வந்தால் எண்ணுவது என் வழக்கம்.

"தேதியத் தள்ளி வைங்க பாஸ். தண்ணி வர்றதுக்குள்ள வாசகர் எழுந்து போயிடுவாரு" என்றேன்.

"அலமாக்! டத்தோகிட்ட தேதி வாங்க மூணு மாசம் அலைஞ்சேன் லா. அடுத்த புதன்கிழமை ஃபைல் பிரிண்டிங் போயாகணும். வெட்ட வேண்டியத வெட்டுங்க மேரி."

வெட்டினேன். நன்றாகவே வெட்டினேன். எண்பத்தேழு பக்கம் முப்பதானது, 'மெதுவாக' எல்லாம் போனது. திரும்பப் படித்துப் பார்த்தபோது வேகம் இருந்தது, பயம் இல்லை. வெள்ளம் வரும் கதையில் பயம் வராவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், தப்பு எழுதியவருடையது என்று வைத்துக்கொண்டேன்.

2. சனிக்கிழமை

எங்கள் பதிப்பகத்தில் கடைசி ப்ரூஃபை ஒருவர் உரக்க வாசிப்பார், இன்னொருவர் பேனாவோடு பின்தொடர்வார். எழுத்தாளரே வாசிப்பதுதான் வழக்கம். அந்தச் சனிக்கிழமை மணிமாறன் வந்து என் சிவப்பு மைப் பக்கங்களைப் புரட்டினார். முகம் கறுத்துவிட்டது.

"அக்கா, இது என் நாவலா? இத நான் படிக்க மாட்டேன்."

"புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு தம்பி."

"பேனர்ல இருந்து என் பேர எடுத்துடுங்க. எனக்கு வேணாம்."

செல்வியும் வந்திருந்தார். மகள் கீழ்த்தளத்தில் டியூஷனில் இருந்ததால் மாடியில் காத்திருந்தார். கணவர் எழுதியதில் ஒரு பக்கம்கூட அவர் அதுவரை படித்ததில்லை. எனக்கிருந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். வெட்டாத மூலப் பிரதியை எடுத்துச் செல்வியின் கையில் கொடுத்தேன்.

"நீங்க படிங்கம்மா. எங்க அலுப்புத் தட்டுதோ அங்க நிறுத்துங்க."

மணிமாறன் பாதி எழுந்தார். "அவ வேணாம்க்கா" என்றார். செல்வி அதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான்காவது பக்கத்தில் நிறுத்தினார்.

"இது யாரு?"

"நீதான்" என்றார் மணிமாறன்.

"நான் இல்ல. அன்னிக்கு நான் ஜன்னல் பக்கமே போகல. கதவுக்கு அடியில தண்ணி வந்துச்சு. பாப்பாவத் தூக்கினேன். மேசை மேல ஏறினேன், பத்தல. அவள ஃபிரிட்ஜ் மேல உக்கார வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், அந்த பாக்சிக், வந்து கதவு கிரில்ல உடைச்சாரு. எல்லாம் கால் மணி நேரம் இருக்குமா? மெதுவா மூச்சு விட எனக்கு ஏது நேரம்?"

பிரதியை மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சிங்கப்பூர்ல ஓ.டி. பாத்துக்கிட்டு இருந்தீங்களே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அந்த வார்த்தை ஒன்பது வருடமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

"நான் ஓ.டி. பாக்கல" என்றார் மணிமாறன்.

"ஏழு மணிக்குத்தானே வந்தீங்க?"

"வெள்ளம்னு மெசேஜ் வந்த உடனே கிளம்பிட்டேன். பாதி வழியில, உலு திராம்ல, போலீஸ் ரோட்ட அடைச்சுட்டாங்க. கெஞ்சிப் பாத்தேன், விடல. பெட்ரோல் ஸ்டேஷன்லயே நின்னேன். உனக்கு அடிச்சேன், லைன் இல்ல. எதிர்ல கால்வாய். அதுல தண்ணி ஏறுறதையே பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு மணி நேரம்."

"ஏன் சொல்லல?"

"வந்ததும் 'ஓ.டி. முடிஞ்சுதா'ன்னு கேட்ட. நீ புள்ளையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்க. நான் சும்மா நின்னேன். அத எப்படிச் சொல்றது?"

செல்வி கைப்பையைத் திறந்து டிஷ்யூ தேடினார். மணிமாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. 'மெதுவாக' எத்தனை என்று எண்ணினேனே தவிர, ஜன்னலில் நிற்பது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் தான் நின்ற நேரத்தை எடுத்து, பாவம், அந்தப் பெண்ணின் தலையில் கட்டியிருந்தார் மணிமாறன். அதனால்தான் நீளமாக விட்டாலும் சரிப்படவில்லை, வெட்டினாலும் சரிப்படவில்லை.

3. புதன்கிழமை

மணிமாறன் லீவு போட்டார். சனிக்கிழமை மாலையிலிருந்து செவ்வாய் வரை மூவரும் உட்கார்ந்தோம். வீட்டுக்குள் தண்ணீர் வரும் பகுதியைச் செல்வி சொன்ன மாதிரியே எழுதினோம். ஒன்பதே பக்கம். அதில் யாரும் எதையும் மெதுவாகச் செய்யவில்லை. கதைக்குள் ஒரு கணவனைக் கொண்டுவந்து பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தினோம். ஜன்னல், கால்வாய், ஏக்கம் எல்லாம் அவனுக்குப் போயின. அங்கேயும் சல்லடை போட்டுச் சலித்துத்தான் விட்டேன். பதினொன்றில் ஒரே ஒரு 'மெதுவாக' மிஞ்சியது. அது தண்ணீர் ஏறுவதைச் சொல்கிற இடம். அதை எடுத்தால் மணிமாறன் என்னை மன்னிக்க மாட்டார், நானும்தான். பெட்ரோல் ஸ்டேஷன் பகுதி இருபது பக்கத்தில் நின்றது.

புதன்கிழமை நான்கு மணிக்கு ஃபைல் போனது. பாஸ் அதுவரை என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பிறகும் யாராவது பார்க்கச் சொல்லி அனுப்பும் கைப்பிரதியில் 'மெதுவாக' கண்ணில் பட்டால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. ஆனால் கோடு போடுவதற்கு முன் எழுதியவருக்கு ஒரு போன் போட்டு, அந்த இடத்தில் நிற்பது யார், அவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டுவிடுகிறேன். பாதிக்கு மேல் அவர்களே வெட்டிவிடுகிறார்கள். மீதியை நான் தொடுவதில்லை.

வெளியீட்டு நாளில் செல்வி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டத்தோ முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரமும் செல்வி மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து சாப்பாட்டு வரிசையில் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, என் பகுதி சரியா இருக்கு. பெட்ரோல் ஸ்டேஷன்தான் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. நாலு மணி நேரம் நின்னாரு. இருபது பக்கம் பத்தல."

இரண்டாம் பதிப்பில் ஆறு பக்கம் கூட்டினோம்.