றெஜி மாமாவுக்கு நான் தேர்ந்து கொடுத்த தூண்டில் நூல்

நனைந்து உறைந்துபோன பின்னல் நூலைத் தூண்டில் தடியின் சின்ன வளையத்துக்குள்ளால் இழுத்தால் கறகறவென்று ஒரு சத்தம் வரும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் அந்தச் சத்தமும் நின்று நூல் அப்படியே இறுகி நின்றுவிடும். இந்தச் சத்தத்தை நான் பதினொரு வயதில் ஒரேயொரு நாள்தான் கேட்டேன், ஆனால் இன்றைக்கும் மனம் சலிக்கும் நேரங்களில் அதை நினைத்துக்கொள்வேன், உடனே ஒரு தெம்பு வரும். என்னை நல்ல பெண் என்று நினைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் அப்போது கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் இருந்தோம். அப்பா அந்தோனி மன்னாரில் கடலுக்குப் போய் வளர்ந்தவர். டென்மார்க்கில் அவருக்குக் கிடைத்ததோ ஜன்னல் இல்லாத தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. அந்த வேலையைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னதெல்லாம் கடல் கதைகள்தான், அதிலும் ஒரு பாரை மீன் படகையே இழுத்துக்கொண்டு போன கதையை நானும் தம்பியும் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம், அவர் ஒரு இடத்தைத் தவறவிட்டால் நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.

றெஜி மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, அப்பாவோடு வேலை செய்தவர், யாழ்ப்பாண நகரத்துக்காரர். மாதத்துக்கொரு முறை தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கோப்பியோடு நின்று கதைக்கும் கூட்டத்துக்கு அவர்தான் நடுநாயகம். யாராவது ஒருவரைப் பிடித்துப் பகிடி பண்ணாவிட்டால் அவருக்குக் கோப்பி இறங்காது.

எனக்குப் பத்து வயதான மாரியில் எங்கள் பக்கத்து ஏரி நன்றாக உறைந்தது. கொம்யூன், அதாவது நகரசபை, அனுமதிப் பலகை வைத்ததும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனோம். டேனிஷ்காரர் ‘அபோரெ’ என்று சொல்லும் வரி போட்ட சின்ன மீன்தான் அங்கே கிடைக்கும். அப்பாவோ ஊரில் இருந்து பெரியப்பா அனுப்பிய ‘தங்கூசி’ச் சுருளைக் கொண்டு வந்திருந்தார். தங்கூசி என்பது எங்கள் பக்கத்தில் நைலோன் தூண்டில் நூலுக்குச் சொல்லும் பெயர். இது பாரை மீனுக்கென்றே செய்த தடித்த தங்கூசி. அப்பாவுக்கு உப்புத் தண்ணீரின் கணக்குத்தான் தெரியும், உறைகுளிரின் கணக்குத் தெரியாது. சுருளில் இருந்து விடுபட்ட நூல் நீள மறுத்து, இடியப்பம் மாதிரி வளையம் வளையமாகப் பனிக்கட்டியின் மேலேயே கிடந்தது. ஈயக் குண்டைக் கட்டியும் அது தண்ணீருக்குள் நேராக இறங்கவில்லை. அப்பா முழங்காலில் நின்று அந்த வளையங்களைக் கையால் நீவி நீவி நிமிர்த்தப் பார்த்தார்.

றெஜி மாமா அதைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். “அந்தோனி அண்ணை, இதென்ன, ஆடு கட்டுற கயிறோ? மன்னாரில மீனைக் கட்டிப்போட்டே வளர்க்கிறனீங்கள்?” என்று அவர் கேட்பதும் அதில் பதிந்திருந்தது. அடுத்த பூசைக்குப் பிறகு மண்டபத்தில் அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்புத்தான், ஏனென்றால் சிரித்துக்கொண்டே அவர் குடிக்காத கோப்பியைத் தொட்டிக்குள் ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதன்பிறகு அப்பாவுக்கு ‘ஆட்டுக்கயிறு அந்தோனி’ என்று பெயர் விழுந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆட்டுக்கயிற்றின் மகள் ஆனேன். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்பா தங்கூசிச் சுருளைக் கராஜில் கோடை டயர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கடல் கதை சொல்வதையும் அத்தோடு நிறுத்திவிட்டார். “பாரைக் கதையைச் சொல்லுங்கோ” என்று தம்பி கேட்டால், “அதெல்லாம் பழைய கதை, சோத்தைத் தின்” என்பார். ஒரு வருடம் எங்கள் மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த ஒரு வருடமும் நான் றெஜி மாமாவைப் பழிவாங்க வேண்டும் என்று ஜெபம் செய்தேன், மாதாவிடம் கேட்கக்கூடிய காரியம் இல்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

அடுத்த மாரியிலும் ஏரி உறைந்தது. இந்த முறை பெரிய மீன் பிடிப்பவருக்கு ஒரு வெற்றிக் கோப்பை கொடுப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவரும் றெஜி மாமா, கோப்பையை வைக்க வீட்டுச் சுவரில் தட்டு அடித்து வைத்திருந்தவரும் அவரே. ஆனால் அவருக்கு ஒரு சிக்கல், போன வருட நூல் சிக்குப்பட்டு வீணாகியிருந்தது. முதல் வருடம் அவரது தடிக்கு நூல் சுற்றிக் கொடுத்த டேனிஷ்காரர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த நூல் என்று மாமா அவரிடம் கேட்டும் வைக்கவில்லை. கடைக்குப் போய்க் கேட்கவோ, அவருக்குத் தெரிந்தது தொழிற்சாலை டேனிஷ் மட்டும். கடைக்காரக் கிழவர் எங்கள் யூலன்ட் பக்கத்துப் பேச்சில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார். மாமாவின் மகளுக்கு டேனிஷ் வரும், தமிழ் வராது. எனக்கு இரண்டும் வரும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பெரியவர்கள் டொக்டரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் இப்படி ஒரு பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அவர் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

கடைக்காரக் கிழவர் நல்ல மனிதர். மெல்லிய, மென்மையான நைலோன் நூல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக் காட்டி, பனிக்கட்டியில் பிடிக்க இதுதான் சரி, குளிரிலும் இது வளைந்து கொடுக்கும், சின்ன மீனின் கண்ணுக்கும் தெரியாது என்றார். பிறகு பச்சை நிறப் பின்னல் நூலைத் தொட்டு, இது பலமான நூல்தான், கோடையில் தரமாக வேலை செய்யும், ஆனால் தண்ணீரை உறிஞ்சும், உறைகுளிரில் கம்பி போல் ஆகிவிடும், துளையின் விளிம்பில் உரசினால் அறுந்தும் போகும் என்றார். இரண்டு தரம் சொன்னார். மாமா எல்லாம் விளங்கியவர் போல “யா, யா” என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“என்னவாம் பிள்ளை?”

நான் திட்டம் போட்டு வரவில்லை. அவர் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த, அப்பாவைப் படம் பிடித்த அதே கைத்தொலைபேசி என் முகத்துக்கு நேரே வந்தது, அவ்வளவுதான்.

“பின்னல் நூல்தான் நல்லதாம் மாமா. நைலோன் குளிருக்குள்ள முறிஞ்சு போகுமாம்.”

அவர் பின்னல் நூலை எடுத்ததும் கிழவர் புருவத்தை உயர்த்தி, “பனிக்கட்டிக்கா?” என்று கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி “யா, யா” என்றார். கிழவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பையில் போட்டார். திரும்பி வரும்போது மாமா எனக்கு ஒரு சொக்கிலேற் வாங்கித் தந்தார். அதையும் ருசித்துச் சாப்பிட்டேன்.

போட்டி நாள் நல்ல வெயில், ஆனால் மூக்கு எரியும் குளிர். முதல் அரை மணி நேரம் பின்னல் நூல் ஒழுங்காகத்தான் இறங்கி ஏறியது, நான் மறுபடி மாதாவிடம் கேட்கத் தொடங்கினேன். பிறகு அது நனைந்தது, நனைந்த பிறகு உறைந்தது, வளையத்துக்கு வளையம் மணி மணியாகப் பனி கட்டியது. சரியாக அந்த நேரம் பார்த்து மாமாவின் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று கொளுவியது. தடி வளைந்தது, எல்லாரும் ஓடி வந்தார்கள், மாமா சுற்றினார், கறகற என்றது, நின்றது. வளையம் அடைத்துவிட்டது. தடியை எறிந்துவிட்டு நூலைக் கையால் இழுத்தார், கையுறைக்கு மேலால் அது வெட்டியது.

அப்பாதான் முதலில் போய்ப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். “இழுக்காதையும் றெஜி, விளிம்பில உரசுது, என்னட்டை விடும்” என்று அவர் கையை நீட்ட, நூல் பட்டென்று அறுந்தது. மீன் போய்விட்டது. பின்னால் நின்ற யாரோ, “றெஜி அண்ணை, அந்த ஆட்டுக்கயிறு இருந்தால் பிடிச்சிருக்கலாம்” என்றார். ஏரி முழுக்கச் சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன். அம்மாவின் கைத்தொலைபேசியில் படமும் பிடித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அறுந்த நூலை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, “இது தண்ணி குடிக்கிற நூல். உமக்கு ஆர் வாங்கச் சொன்னது?” என்று கேட்டார். “கடைக்காரன்தான்” என்றார் மாமா. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதுதான் அப்பா கேட்டார்: “கடைக்காரன் எந்த நூல் எண்டு சொன்னவன்?” “நைலோன்” என்றேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் வானொலியைப் போட்டார். அன்று சாப்பிடும்போது, தம்பி கேட்காமலேயே, பாரை மீன் படகை இழுத்துக்கொண்டு போன கதையைத் தொடங்கினார். இரண்டு இடத்தில் தவறவிட்டார், நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் நான் இந்தப் பொய்யை இதுவரை சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை, ஏனென்றால் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இப்போது அந்த ஏரி உறைவதில்லை. ஓரத்தில் கொஞ்சம் கண்ணாடி போல் பிடிக்கும், மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். அதன் மேல் நின்று மீன் பிடித்தோம் என்று சொன்னால் தம்பியின் பிள்ளைகள் நம்புவதில்லை. தூண்டில் கடை இருந்த இடத்தில் சலூன் இருக்கிறது. என் படமும் அம்மாவின் பழைய கைத்தொலைபேசியோடு போய்விட்டது. தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற றெஜி மாமாவுக்கு இருந்த கொஞ்ச டேனிஷும் மறந்துகொண்டு வருகிறது.

போன மாதம், நான் இப்போது இருக்கும் ஓகூஸ் நகரத்தில் இருந்து விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது. அவரது மகள் இப்போது லண்டனில். மாமாவுக்குக் கண்ணில் புரை, அதனால் கார் ஓட்டத் தடை. கார் இல்லாவிட்டால் கிரின்ஸ்டெட்டில் பூசைக்குப் போகவும் வழியில்லை. டொக்டர் சொன்னார்: சின்ன சத்திரசிகிச்சைதான், பயப்பட ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு பெரும்பாலும் மறுபடி ஓட்டலாம். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

மாமா மங்கிய கண்ணால் என் முகத்தைப் பார்த்தார். “நூல் கடையிலையும் நீ இப்பிடித்தான், சிரிக்காமல் சொன்னனி.”

நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தேன். “உங்களுக்குத் தெரியுமே?”

“அடுத்த மாரி கடைக்காரன் நைலோனைத்தான் எடுத்துத் தந்தவன், அப்பவே தெரியும். வெளியில சொன்னால் திரும்பவும் என்னைத்தானே சிரிப்பினம்.” பிறகு, “இது உண்மையோ பொய்யோ எண்டு நான் எப்பிடி நம்புறது?” என்றார்.

நான் வாய் திறக்க முதல் அவரே கைத்தொலைபேசியை எடுத்து, தடவித் தடவி, ஸ்பீக்கரில் போட்டு என் அப்பாவை அழைத்தார். “அந்தோனி அண்ணை, கண்ணை வெட்டினால் கார் ஓடலாமெண்டு டொக்டர் சொன்னவராம். உங்கட மகள்தான் சொல்லுறாள். நான் நம்பலாமோ?” குரலில் பகிடி இல்லை, அந்த மனிதர் உண்மையிலேயே கேட்டார்.

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாமா கைத்தொலைபேசியைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய், “அண்ணை, இருக்கிறீங்களே?” என்றார். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தார். பிறகு கேட்டார்:

“நூல் ஏதும் வாங்கச் சொன்னவளோ, றெஜி?”